கட்டிலைத் திருப்பிய ஊர்

கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்த ஞாயிற்றுக்கிழமை பஸீலா அமெரிக்காவின் நியூவர்க்கில் வந்து இறங்கினாள். அண்ணன் பாரூக் அதை மறந்துவிட்டான். அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் விமான நிலையத்துச் சக்கர நாற்காலியில், மடியில் கைப்பையோடு, தானியங்கிக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாரிம்மா. டைம் மாத்தினதை மறந்துட்டேன்.”

“விசாவுக்குப் பதினோரு வருசம் உக்காந்திருந்தேன் காக்கா. ஒரு மணி நேரத்துக்கா சாரி கேக்குறிய?”

குடியுரிமை கிடைத்த 1996இல் பாரூக் தங்கைக்கு அப்ளை பண்ணினான். கிரீன் கார்டு 2007இல் வந்தது. அதற்குள் வாப்பாவும் உம்மாவும் காலமாகிவிட்டார்கள். காயல்பட்டணத்தில் பஸீலா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். மூன்று வயதில் வந்த போலியோ. இடது காலில் தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர். கையில் ஒரு ஊன்றுகோல்.

காரில் ஏறும்போது அவளே காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பாரூக் உதவிக்கு நீட்டிய கையில் கைப்பையைக் கொடுத்தாள்.

பாரூக்கின் வீடு எல்ம்ஸ்டோவில் இருந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து தெற்கே இருபது நிமிடம். ஒரே ஒரு தெரு, இரு பக்கமும் மேப்பிள் மரங்கள், வெள்ளை அடித்த மரவீடுகள். இங்கிலாந்தில் இதே பெயருள்ள கிராமத்திலிருந்து வந்தவர்கள் முந்நூறு வருடத்துக்கு முன் உண்டாக்கிய ஊர். பாரூக்குக்கு அந்த வரலாறு ஒன்றும் தெரியாது. தங்கை வருவாள், கீழ்த்தளத்தில் ஒரு அறை வேண்டும் என்று பார்த்தான். இந்த வீட்டில் இருந்தது. குளியலறை மாடியில் மட்டும்தான். கீழே ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று வாங்கினான்.

மாடிப்படி செங்குத்தானது. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். முதல் நாள் காலையில் மற்றவர்கள் எழும் முன்பே பஸீலா காலிப்பரைக் கழற்றிக் கீழே வைத்தாள். முதல் படியில் முதுகு காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். காலை இழுத்துக்கொண்டாள். பிறகு அதற்கடுத்த படி. பாதி ஏறியபோது மாடியில் பாரூக்கின் மனைவி அமீனா கதவைத் திறந்தாள். பஸீலாவின் முதுகைப் பார்த்தாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கீழ் அறையில் ஒரு கமோட் நாற்காலி வந்தது. அமீனா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அங்கிருந்தே வாங்கி வந்திருந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதன் வாளியை அவளே எடுத்துப் போய்க் கழுவினாள்.

“இதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல பஸீலா” என்றாள்.

“எனக்கு இருக்கு மச்சி.”

அமீனா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

அந்த வார இறுதியில் நஞ்சுண்டன் அளவு நாடாவோடு வந்தார். பெருந்துறைக்காரர். வார நாட்களில் பாலம் கட்டுவார். சனி ஞாயிறுகளில் நண்பர்களின் வீட்டு பேஸ்மென்ட்.

முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை வீட்டின் நடுவே ஒரு நடை ஓடியது. பஸீலாவின் அறை அதன் இடதுபக்கம். நஞ்சுண்டன் அறைக்குள் போய்ப் பார்த்தார். ஒரு சுவர் முழுக்கச் செங்கல் கணப்படுப்பு. இடமில்லை. வெளியே நீட்டிக் கட்டலாம் என்றால் பழைய ஊர், வெளித்தோற்றம் மாறக் கூடாது என்று சட்டம். நடையின் பின்கோடிக்கு வந்து சுவரைத் தட்டினார்.

“இந்தக் கோடியை அடைச்சுட்டாப் போதுமுங்க பாரூக் பாய். ஷவர், டாய்லெட், பிடிக்கறதுக்குக் கம்பி, எல்லாம் உள்ள உக்காந்துக்கும். பைப்பும் பக்கத்துலயே போகுது.”

“பின்கதவு போயிருமே.”

“கிச்சன்ல ஒண்ணு இருக்குதில்லங்க. ஒரு வீட்டுக்கு எத்தன கதவுங்க?”

ஊர் மரபுக் குழுவுக்கு விண்ணப்பம் போனது. ஏப்ரலில் பதில் வந்தது. நடையை மூட முடியாது. வருடத்தில் ஒரு நாள் ஊர் மக்கள் அந்த நடை வழியாக நடந்துபோக உரிமை உண்டு, வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது. வேண்டுமானால் ஜூன் கூட்டத்துக்கு நேரில் வந்து பேசலாம்.

பாரூக் அந்த வரியைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தான். மீட்டர் பார்க்க வருகிறவர்களுக்கான வழி என்று நினைத்திருந்தான்.

“வீட்டுக்குள்ள பூந்து நடப்பாங்களா? எதுக்குங்க?” என்றார் நஞ்சுண்டன்.

“ஊர் எல்லை இந்த வீட்டுக்குள்ளதான் போகுதாம். மே மாசம் எல்லையைச் சுத்தி வரும்போது இந்த ஹால் வழியா நடப்பாங்களாம்.”

“சர்வேயர் இல்லீங்களா இந்த ஊர்ல?”

அமீனா சிரித்துவிட்டாள். பாரூக் சிரிக்கவில்லை.

நஞ்சுண்டன் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றனுங்க. அப்ளிகேசன்ல தங்கச்சி விசயத்தையே எழுதலையே நீங்க. டாக்டர் லெட்டர் ஒண்ணு வச்சு மறுக்கா போடுங்க. இந்த நாட்டுல அதுக்கு நோன்னு சொல்ல மாட்டாங்க.”

“எழுத வேண்டாம்.” பஸீலாவின் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது.

நஞ்சுண்டன் அளவு நாடாவைச் சுருட்டினார். பஸீலா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

“ஸ்கூல்ல சேர்றதுக்கு, வேலைக்கு, பஸ் பாஸுக்கு, விசாவுக்கு, எல்லாத்துக்கும் என் காலைத்தான் முதல்ல உள்ள அனுப்பினேன் அண்ணே. காலைப் பாத்து முடிச்சப் பொறவுதான் என்னைக் கூப்பிடுவாங்க. இங்கயாவது நான் முதல்ல போறேன்.”

“அதுவரைக்கும் எப்படிம்மா?” என்றான் பாரூக்.

“இப்ப எப்படியோ அப்படி.”

ஜன்னலுக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், ஊர் நூலகம் இருந்தது. பழைய பள்ளிக்கூடக் கட்டடம். ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு படியே இல்லாமல் உள்ளே போவதை ஒரு திங்கட்கிழமை பஸீலா பார்த்தாள். சாய்வான நடைபாதை. மறுநாள் அண்ணனும் மச்சியும் வேலைக்குப் போன பின் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

உள்ளே கழிப்பறைக் கதவு அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் பிடிகம்பி. தாழ்வான பேசின். சுடுதண்ணீர். பஸீலா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

வெளியே வந்ததும் அப்படியே திரும்பிப் போவது சரியாகப் படவில்லை. கழிப்பறைக்கு அருகிலிருந்த அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது உள்ளூர் வரலாற்று அலமாரி.

நான்காம் நாள், உயரமான கிழவர் ஒருவர் எதிரே வந்து நின்றார். பெயர் விட்லாக். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், காலையில் நூலகத்தில் தொண்டு செய்கிறவர், மரபுக் குழுவின் தலைவர். எல்லை நடையை முன்னால் நின்று நடத்துகிறவரும் அவரே.

“தினமும் இதே அலமாரி” என்றார் ஆங்கிலத்தில். “இங்கே யாரும் வருவதில்லை. உங்களுக்கு வரலாற்றில் ஆர்வமா?”

பஸீலா கழிப்பறைக் கதவைப் பார்த்தாள்.

“ஆமாம்” என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பிரசுரங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஊரைப் பற்றி அவரே எழுதியவை பாதி.

முதல் இரண்டு நாள் மரியாதைக்குப் பக்கம் புரட்டினாள். மூன்றாம் நாள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கிலாந்தின் எல்ம்ஸ்டோ ஆட்டுப் பட்டிகளும் ஒரு சின்ன தேவாலயமும் கொண்ட கிராமம். அங்கிருந்து கப்பலேறிய குடும்பங்கள் ஆப்பிள் ஒட்டுக்கிளைகளை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தன. சண்டைகளையும் கொண்டுவந்தன. அங்கே ஒரு வேலிக்காகப் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள் கடலைக் கடந்து வந்தும் மூன்று தலைமுறை பேசவில்லை. இதைப் படித்தபோது பஸீலா தனியாகச் சிரித்தாள். விட்லாக் தூரத்திலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டார்.

எல்லை நடையும் அங்கிருந்து வந்ததுதான். வரைபடம் இல்லாத காலம். வருடம் ஒருமுறை ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். வில்லோ மரக் குச்சியால் எல்லைக் கற்களை அடிப்பார்கள். சிறுபிள்ளைகளைத் தூக்கிக் கல்லின்மேல் பொத்தென்று உட்கார வைப்பார்கள். வலித்த இடம் மறக்காது என்பது கணக்கு.

“இங்கிலாந்தில் நிறுத்தி நூறு வருடம் ஆயிற்று” என்றார் விட்லாக். “அங்கிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசினார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நாங்கள் மறந்துவிட்டோம் என்றார்.”

“எங்கள் வீட்டுக்குள் ஏன் நடக்கிறீர்கள்?”

விட்லாக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பஸீலா அந்தக் கதையைச் சொன்னாள். அமீனா மீன்குழம்பு வைத்திருந்தாள். ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடையில் வாங்கிய உறைந்த வஞ்சிரம்.

“காத்தரின் பெல்னு ஒரு கைம்பொண்ணு. கால் நடக்காது. இந்த வீட்லதான் இருந்தா. நான் படுக்குற ரூம்ல.”

“அந்த ரூம்லயா?” என்றாள் அமீனா. “சொல்லாம இருந்திருக்கலாம்.”

“கேளுங்க மச்சி. அந்தக் காலத்துல ஏலாதவங்களுக்கு ஊர்தான் கஞ்சி ஊத்தணும், விறகு குடுக்கணும். இந்த ரூம் பாதி எல்ம்ஸ்டோவுல இருக்கு, பாதி பக்கத்து ஊர்ல இருக்கு. எங்க ஆள் இல்லைங்கறான் இவன். எங்க ஆள் இல்லைங்கறான் அவன். கடைசியில ஒரு ஒப்பந்தம். தலை எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் பாத்துக்கணும். மாசம் ஒரு தடவை வந்து கட்டிலைத் திருப்பிப் போடுவாங்க.”

பாரூக் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “அந்தம்மா மேல இருக்கும்போதேவா?”

“எறங்க ஏலாதே. அப்படியேதான் தூக்கித் திருப்பியிருப்பாங்க. பன்னெண்டு வருசம்.”

“அடப் பாவிங்களா” என்றாள் அமீனா.

“அவ மவுத்தான பொறவு எல்லை நடை வந்திருக்கு. கதவைத் தட்டி, இங்கே யார் படுத்திருப்பதுன்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்காரன், உங்கள் ஆள் யாருமில்லைன்னு சொல்லியிருக்கான். எல்லாருக்கும் நிம்மதி. அதையே வருசா வருசம் கேக்குறாங்க, வருசா வருசம் அதையே சொல்லணும். இந்தத் தடவை காக்கா சொல்லணும்.”

“நானா?”

“போன வருசம் எங்க போனிய?”

போன மே மாதத்தில் அவர்கள் ஹூஸ்டனில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார்கள். சாவியை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாரோ வீட்டைப் பார்க்க வருவதாக ஏஜென்ட் சொன்னதை பாரூக் இப்போது நினைத்துப் பார்த்தான்.

“ஆள் இருக்கிற வீட்ல ஆள் இல்லைன்னு வாயால சொல்வாங்களா?” என்றாள் அமீனா. “அதுவும் நீ உள்ள இருக்கும்போது. வேற ஏதாவது சொல்லக் கூடாதா? நல்லா இருக்கோம், உள்ள வாங்கன்னு.”

“கேட்டேன். மாத்த முடியாதாம். முந்நூறு வருசமா அதுதானாம்.”

“அன்னிக்கு மட்டும் எடிசன்ல அபயாம்பாள் ஆன்ட்டி வீட்டுக்குப் போயிடறியா? நீ இல்லைன்னா அது பொய்யும் இல்ல.”

“எங்க போனாலும் படி இருக்கு மச்சி.”

பாரூக் தட்டைத் தள்ளி வைத்தான். “ஜூன்ல அதே ஆளுங்கதான் பாத்ரூமுக்கு ஓட்டு போடணும். அந்த விட்லாக் இந்த ஹாலை அவ்வளவு பெருசா நெனைக்கிறான். அவன்கிட்ட நான் உன் கால் விசயத்தைச் சொல்லட்டுமா? எழுதல. வாயால மட்டும்.”

“வேண்டாம்.”

“தினமும் அவன்கூடதானே உக்காந்து பேசுற? அவனுக்குத் தெரியாதா?”

“அவருக்கு நான் நடந்து வர்றது தெரியும். இங்க படி ஏறுறது தெரியாது. நான் சரித்திரம் படிக்க வர்றேன்னு நெனைக்கிறாரு.”

“பின்ன எதுக்குப் போற?”

பஸீலா மீன்முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தாள். அமீனா அவளைப் பார்த்தாள். பத்து நாளாக வாளி ஏறக்குறையக் காலியாக இருந்தது அவளுக்குத்தான் தெரியும்.

“விடுங்க” என்று கணவனிடம் சொன்னாள்.

எல்லை நடைக்கு முந்தைய நாள் அமீனா விடுப்பு எடுத்தாள். வீட்டுக்காரர்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுப்பது வழக்கம் என்று விட்லாக் சொல்லியிருந்தார். அமீனா கறிக்கஞ்சிக்கு அரிசி உடைத்தாள். பஸீலா உட்கார்ந்து இஞ்சி பூண்டு உரித்தாள்.

“அமெரிக்கக்காரன் கஞ்சி குடிப்பானா?” என்றான் பாரூக்.

“சூப்னு சொல்லுங்க, குடிப்பான்” என்றாள் அமீனா.

“எல்லாரும் ஷூவோட வருவாங்க. நாய் வேற.”

“நாய் வெளிய நிக்கும். பஸீலா கேட்டுட்டா, அவர் சரின்னுட்டாரு. ஷூவுக்கு நான் பழைய பெட்ஷீட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். எனக்கு என்ன அதிசயம்னா, முன்பின் தெரியாத ஆளுங்க இன்னொருத்தர் வீட்டுக்குள்ள எப்படிக் கூச்சமில்லாம நடப்பாங்க?”

“எங்க ஊர்ல பொம்பளையாளுவ அப்படித்தான் மச்சி. தெருவுல இறங்க மாட்டோம். முடுக்குச் சந்து வழியா, இவங்க வீட்டுப் பின்கட்டு, அவங்க வீட்டு அடுப்படின்னு பூந்து பூந்தே ஊரைக் கடந்துருவோம். எந்த வீட்டுக் குழம்புல உப்பு கூடன்னுகூடத் தெரியும்.”

“நான் ட்ரிப்ளிகேன். பக்கத்து போர்ஷன்காரங்க எட்டிப் பாத்தாலே எங்கம்மா சண்டைக்குப் போவாங்க.”

பாரூக் நடையில் நின்று அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்தான். ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். முதலில் மெதுவாக. பிறகு உரக்க.

“கோவமாச் சொல்லாதீங்க” என்றாள் அமீனா. “சண்டைக்குப் போற மாதிரி இருக்கு. நம்ம பேருக்கு அது நல்லதில்ல.”

“பாவமாச் சொன்னா நடிக்கிற மாதிரி இருக்கு.”

“டீச்சர் வருகை எடுக்கும்போது ஆப்சென்ட்னு சொல்ற மாதிரி சொல்லுங்க காக்கா” என்றாள் பஸீலா. பூண்டுத்தோலை ஊதித் தள்ளினாள். “நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

சனிக்கிழமை தூறல் போட்டது. மேப்பிள் விதைகள் சுழன்று விழுந்து வாசலில் ஒட்டிக்கிடந்தன. அவர்கள் பின்பக்க வயல் வழியாக வந்தார்கள். மழைக்கோட்டுகள், ரப்பர் பூட்ஸ்கள், கைகளில் பச்சைக் குச்சிகள். முன்னால் விட்லாக். நாய்களைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வேலியோரம் ஒதுங்கினார்கள்.

குச்சி பின்கதவில் மூன்று முறை விழுந்தது. பாரூக் திறந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

“இங்கே யார் படுத்திருப்பது?” என்று விட்லாக் உரக்கக் கேட்டார். நூலகத்தில் பேசும் குரல் அல்ல அது.

பாரூக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அமீனா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

“உங்கள் ஆள் யாருமில்லை” என்றான்.

கூட்டம் கைதட்டியது. யாரோ, நன்றாகச் சொன்னார் என்றார்கள். பாரூக்கின் காதுகள் சிவந்தன. அறைப் பக்கம் திரும்பாமல் ஒதுங்கி வழிவிட்டான்.

அவர்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். விரித்திருந்த துணிகளைப் பார்த்து பூட்ஸ்களை அதில் அழுத்தித் துடைத்தார்கள். அமீனா காகிதக் குவளைகளில் கஞ்சியை ஊற்றி ஊற்றி நீட்டினாள். இது என்ன என்று ஒரு பெண் கேட்டாள். சூப் என்றாள் அமீனா. அந்தப் பெண் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். சிலர் தாழ்ந்த உத்தரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் சுவரைத் தட்டினான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

அறை வாசலில், நாற்காலியில், பஸீலா உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முக்காடு. பாதம்வரை நீண்ட அங்கி. விட்லாக் அவளைக் கண்டதும் குச்சியை உயர்த்தினார். வரிசை நின்றது. நடை நிறைந்து, பின்வரிசை தூறலிலேயே நின்றது.

“நண்பர்களே” என்றார். “இது வழக்கத்தில் இல்லாதது, மன்னியுங்கள். இந்த வசந்தத்தில் நம் நூலகத்துக்கு இவரைவிட அதிகம் வந்தவர் கிடையாது. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நம் ஊரைப் பற்றி நம்மில் பலரைவிட இவருக்குத் தெரியும். காத்தரின் பெல்லைப் பற்றி நான் எழுதியதை முழுக்கப் படித்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும்.”

சிரித்தார்கள். பஸீலாவும் சிரித்தாள்.

“நான் ஏதாவது விட்டிருக்கிறேனா? கேளுங்கள். எல்லோரும் இருக்கிறார்கள்.”

“கேட்கலாமா?”

“கேளுங்கள்.”

பஸீலாவின் ஆங்கிலம் வகுப்பறை ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“கட்டில் இந்த அறையில்தான் கிடந்தது.”

“ஆமாம். அந்த ஜன்னலுக்குக் கீழே.”

“கட்டிலைத் திருப்பியவர்களின் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. கஞ்சி கொண்டுவந்தவர்கள் பெயர் இருக்கிறது. ஒரு வருடம் ஈர விறகு கொடுத்து ஏமாற்றினார்கள் என்பதுகூட இருக்கிறது.”

“கிடைத்ததையெல்லாம் சேர்த்தேன்” என்றார் விட்லாக். “எதையும் விடவில்லை.”

பாரூக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “பஸீலா” என்றான் தமிழில். “வேணாம்மா. நீ சொல்ல வேணாம்னுதானே சொன்ன.”

“நான் முதல்ல பேசிட்டேன் காக்கா” என்றாள் அவளும் தமிழில். “இனி அது வரட்டும்.”

அங்கியின் ஓரத்தை ஒதுக்கினாள். இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி, இரும்போடு, நடைக்குள் நீட்டி வைத்தாள். முன்னால் நின்ற பெண் குவளையைப் பிடித்தபடி ஒரு அடி பின்வாங்கி இடம் விட்டாள். விட்லாக் காலைப் பார்த்தார். பிறகு மாடிப்படியைப் பார்த்தார்.

“பன்னிரண்டு வருடம், டாக்டர் விட்லாக்” என்றாள் பஸீலா. “அவள் எங்கே குளித்தாள்?”